ஆண்டு மலருக்கு நான் அனுப்பும் போட்டோ

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏதோ விழா, அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். "தங்களைப் போன்ற மூத்த ஊழியர்களிடம் இருந்த சேவை மனப்பான்மை இன்றைய இளையோரிடம் குறைந்துவருகிறது. அது குறித்து ஒரு பக்கம் எழுதி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றையும் இணைத்து அனுப்ப வேண்டுகிறோம்" என்று புதிய நிர்வாகி கையெழுத்துப் போட்டிருந்தார். விசாரித்தேன். எக்ஸ்ரேயிலும் லேபிலும் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுவிட்டுப் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்களாம். அவர்களுக்குப் புத்தி சொல்ல நான் வேண்டும்.

எழுதிவிட்டேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

என் பெயர் எஸ்தர். உங்கள் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். வேலூரில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்து சேர்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புத்தகத்தில் எல்லா நுரையீரலும் ஒரே அளவில் சுத்தமாக இருந்தது. இங்கே வந்து முதல் நாள் எடுத்த பதினெட்டுப் படங்களில் ஒன்றுகூட அப்படி இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். வயிற்றுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நெஞ்சுப் படம் எடுப்பதென்றால் பட்டனை அழுத்துவது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆளைப் பிலிம் இருக்கும் பலகையைப் பார்த்து நிற்க வைத்து, மோவாயைத் தூக்கி மேலே வைத்து, இரண்டு புறங்கையையும் இடுப்பில் ஊன்றச் சொல்லி, முழங்கை இரண்டையும் முன்னால் தள்ள வேண்டும். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும். பிறகு மூச்சை இழுக்கச் சொல்ல வேண்டும். முதல் மூச்சில் எடுக்கக் கூடாது. விடச் சொல்லிவிட்டு, இரண்டாவது மூச்சில் எடுக்க வேண்டும். அதுதான் ஆழமாகப் போகும். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த பெரியவர்களால் மூச்சைப் பிடிக்க முடியாது. மூன்று எண்ணுவதற்குள் இருமிவிடுவார்கள். அதனால் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். கண்ணாடி வழியாக, பக்கவாட்டில் தெரியும் அவர்களுடைய கழுத்தெலும்பைப் பார்ப்பேன். அது மேலே ஏறி ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் அழுத்துவேன். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அதற்குப் பிறகு இருட்டறை. சிவப்பு விளக்கு, கையெல்லாம் மருந்து வாசனை. டெவலப்பரில் பிலிமை இறக்கி மெல்ல ஆட்டினால் முதலில் நுரையீரல் இரண்டும் கறுக்கும். விலா எலும்புகள் வெள்ளையாக நிற்கும். நடுவில் இதயம். ஆயிரக்கணக்கில் எடுத்திருப்பேன், அந்த ஒரு நிமிடம் எனக்கு அலுத்ததே இல்லை. ஓய்வு பெறும் நாள் வரை அதன் நினைப்பும் அலுக்கவில்லை. அதற்கு வெகு நாள் முன்பே கம்ப்யூட்டர் வந்து இருட்டறையைச் சாமான் போடும் அறை ஆக்கிவிட்டார்கள் என்றாலும், அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கதவைத் தொட்டுவிட்டுத்தான் போவேன்.

இவ்வளவு பிடித்த வேலைக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி.

அப்போது நிர்வாகியாக இருந்தவர் தனராஜ் சார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. யார் அறைக்குள் போனாலும், பெருக்குகிற அம்மாவாக இருந்தாலும், எழுந்து நிற்பார். "உக்காரும்மா" என்பார். டீ வரும், கூடவே இரண்டு பிஸ்கட்டும் வரும். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதை நினைவில் வைத்து விசாரிப்பார். என் அப்பாவுக்காக என் முன்னாலேயே கண்ணை மூடி ஜெபம் செய்திருக்கிறார். பிறகு நான் சம்பளத்தைப் பற்றிப் பேச்செடுப்பேன். அவர் மெதுவாக எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார். வெளியே சீட்டு எழுதுகிற இடத்தில் வரிசை நிற்கும். "பாரும்மா. இவங்ககிட்ட இன்னும் வாங்கச் சொல்றியா?" என்பார். அந்த வரிசையில் என் தெருக்காரர்கள் நிற்பார்கள். டீக்கு நன்றி சொல்லிவிட்டு வருவேன்.

அவர் இல்லை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

பிலிம் விற்ற கம்பெனிக்காரன் மாதாமாதம் பில் அனுப்பினான். அவனிடம் ஜன்னலைத் திறந்து காட்டினீர்களா? கரண்டு பில் வந்தபோது காட்டினீர்களா? வாரத்துக்கு ஒரு நாள் கோலாரிலிருந்து காரில் வந்து படம் பார்த்துவிட்டுப் போன டாக்டரிடம் காட்டினீர்களா? வாசலுக்கு வளைவு கட்டினீர்களே, மேஸ்திரியிடம் சேவை மனப்பான்மை கேட்டீர்களா? எல்லோருக்கும் கேட்ட விலையைக் கொடுத்தீர்கள். எனக்கு வேலை பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பிடித்தவள் போக மாட்டாள் என்பதும் தெரிந்துவிட்டது.

என் தங்கை ரூத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அம்மா எங்கள் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா சுரங்கத்தில் இருந்தவர், நெஞ்செல்லாம் கல்தூசு, கடைசி ஏழு வருடம் கட்டிலோடு இருந்தார். நானும் ரூத்தும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்கள் என் சம்பளச் சீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு குடும்பம் நடக்க என் சம்பளம் பாதிக்குக்கூடப் போதாது. மீதியை ரூத் கொண்டுவந்தாள். விடிவதற்கு முன்னால் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில், தைத்த சட்டைகளைப் பரிசோதிக்கும் பிரிவில் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் ரயிலில் பாதி நாள் இடம் கிடைக்காது. இடது காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகச் சுருண்டு, கணுக்கால் பக்கம் புண் வைத்துவிட்டது. "நிக்கிற வேலைய விடணும்மா, இல்லன்னா இது ஆறாது" என்று நம் ஆஸ்பத்திரி டாக்டரே சொன்னார். அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது.

அதனால்தான் நான் பெங்களூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு எழுதிப் போட்டேன். கூப்பிட்டார்கள், பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் இங்கே வாங்கியதைப்போல் இரண்டரை மடங்கு. நான் திங்கட்கிழமை சேர வேண்டும், ரூத் மாதக் கடைசியில் வேலையை விட்டு நின்றுவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அவள் சூப்பர்வைசரிடம் சொல்லியும்விட்டாள். நான் தனராஜ் சாரிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். அவர் வாங்கி மேசை டிராயரில் வைத்தார். டீ வந்தது.

சனிக்கிழமை என் கடைசி நாள். அன்றைக்குத்தான் அந்தப் படம் வந்தது.

அதைச் சொல்வதற்கு முன் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் வருடத்துக்கு ஒரு தடவை தொழிலாளிகளுக்கு நெஞ்சுப் படம் எடுப்பார்கள். தூசு தெரிந்தால் கீழே இறங்க விட மாட்டார்கள், மேல் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். கீழ் வேலைக்குக் கூடுதலாகக் கிடைத்த காசு போய்விடும். அதனால் தூசு இருக்கிறவன் பெயரில் தூசு இல்லாதவன் போய் நின்றுவிடுவான். மச்சானுக்கு மச்சான், பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். இதை ஏமாற்று என்று யாரும் நினைக்கவில்லை, உதவி என்றுதான் நினைத்தார்கள். என் அப்பாவே மூன்று பேருக்காக நின்றிருக்கிறார். பிறகு அவருக்காக நிற்க ஆள் தேட வேண்டி வந்தது.

சுரங்கம் மூடிச் சில வருடங்கள் ஆகிவிட்டன, இனி அந்தப் பழக்கத்துக்கு வேலை இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். சனிக்கிழமை காலையில் முரளி என்ற பெயரில் ஒரு பையன் வந்தான். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி கேன்டீனில் வேலை, அதற்கு உடல்தகுதிச் சான்றிதழ் வேண்டும். எடுத்தேன். இருட்டறையில் பிலிம் தெளிந்து வந்தபோது வலது பக்கம் நான்காவது விலா எலும்பைப் பார்த்தேன். முன் பக்கத்தில் கவட்டை மாதிரி இரண்டாகப் பிளந்திருந்தது. பிறவியிலேயே சிலருக்கு அப்படி இருக்கும், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அதே எலும்பை நான் கொஞ்ச நாள் முன்பு பார்த்திருக்கிறேன். கழுத்தெலும்பில் பழைய முறிவு கூடிய மேடும் அதே இடத்தில் இருந்தது. முகம் எனக்கு மறந்துபோகும். நெஞ்சு மறக்காது.

ரிஜிஸ்டரில் கடைசிக் கட்டத்தில் இப்படிப்பட்டவற்றைக் குறித்து வைப்பது என் வழக்கம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். ஒன்பது நாளுக்கு முன்பு, "வலது 4 பிளவு" என்று என் கையெழுத்து. பெயர் பாபு.

பையனை உள்ளே கூப்பிட்டேன்.

"உன் பேரு இன்னா?"

"முரளி, சிஸ்டர்." எங்கள் ஊரில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் எல்லோரும் சிஸ்டர்தான்.

"போன வாரம் பாபுன்னு சொன்ன?"

முகம் வெளுத்துப் போயிற்று. "நீங்க என் மூஞ்சியக்கூட பாக்கலியே, சிஸ்டர்!"

"மூஞ்சிய யாருடா பாத்தா? எலும்பு சொல்லுது. யாரு அந்த முரளி?"

"பிரெண்டு, சிஸ்டர். பக்கத்து லைன் வீடு." பிறகு தைரியம் வந்துவிட்டது. "இன்னா சிஸ்டர், ஊர்ல நடக்காததா? உங்க அப்பாவே எங்க தாத்தாவுக்காக நின்னாராமே."

பளாரென்று அறையலாம் என்று வந்தது. அறையவில்லை. முரளிக்கு என்ன, வீடு எங்கே என்று கேட்டேன். இரண்டு மாதமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், போன வாரம் இரண்டு தடவை ரத்தம் வந்தது, வீடு மாரிகுப்பத்தில் என்றான். அந்தப் பிலிமை டாக்டர் மேசைக்கு அனுப்பவில்லை. பையில் போட்டு என் அலமாரியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் நேராக மாரிகுப்பம் போனேன். முரளியின் வீட்டு வாசலில் அவன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். அவரை எனக்குத் தெரியும், அவர் நெஞ்சும் தெரியும். தூசும் உண்டு, அதோடு முன்பு காசநோயும் வந்து பாதியில் மாத்திரையை நிறுத்தியவர். முரளி உள்ளேயிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். இருபத்திரண்டு வயது. சட்டைக்குள்ளே ஆளே இல்லை.

"ஏன்டா அவன அனுப்பின?"

"தூசு, சிஸ்டர். நைனாவுக்கு இருக்குதே, அதேதான் எனக்கும். படத்துல தெரிஞ்சா கேன்டீன்ல சேத்துக்க மாட்டாங்க."

"நீ ஒரு நாளாவது கேஜ்ல ஏறி சுரங்கத்துக்குள்ள எறங்கி இருக்கியா?"

"இல்ல."

"அப்புறம் தூசு எங்கேர்ந்து வந்துச்சி?"

அவன் என்னைப் பார்த்து, விளையாட்டே இல்லாமல் கேட்டான்: "ரத்தத்துல வராதா, சிஸ்டர்?"

இந்த ஊரில்தான் ஒருவன் இப்படி நினைக்க முடியும். இருமல் என்றால் தூசு. தூசு என்றால் மருந்து கிடையாது. மருந்து இல்லாததை மறைத்துவிட்டு நாலு காசு சம்பாதிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும். ஒரு நாள்கூடச் சுரங்கத்தைப் பார்க்காத பையன் சுரங்கத்து நோயால் சாகத் தயாராக உட்கார்ந்திருந்தான். எனக்கு வந்த கோபத்தில் அவனை உட்கார வைத்து அரை மணி நேரம் திட்டினேன். இது உன் அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட காசநோயாக இருக்கும், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் போய்விடும், மாத்திரைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, இப்படியே நீ கேன்டீனில் போய் நின்றால் சோறு வாங்குகிறவன் வீட்டுக்கெல்லாம் கொடுத்துவிடுவாய் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

"நீங்க எடுக்கறதா இருந்தா வரேன். வேற யாரும் வேணாம், ஊரு பூரா பேசுவாங்க. நாளைக்கே வரேன்."

நாளைக்குத் திங்கட்கிழமை. ரயில் ஏற வேண்டிய நாள். காலையில் டெலிபோன் பூத்திலிருந்து ஸ்கேன் சென்டருக்குப் பேசினேன். ஒரு நாள் தாமதமானால் பரவாயில்லை, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்கள். நல்ல மனிதர்கள்.

என் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய் முரளியின் படத்தை நானே எடுத்தேன். வலது மேல் பக்கத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் குழி. நானே டாக்டரிடம் அழைத்துப் போனேன். சளிப் பரிசோதனைக்குக் கொடுக்க வைத்தேன். காசநோய்தான். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்த பிறகு அதே நெஞ்சை மறுபடியும் எடுத்தபோது குழி இருந்த இடத்தில் ஒரு கோடுதான் இருந்தது. கேன்டீன் வேலை வேறொரு கம்பெனியில் கிடைத்தது. என் முப்பத்தோரு வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த படம் அந்த இரண்டாவது படம்தான்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் தனராஜ் சார் என்னைக் கூப்பிட்டார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. எழுந்து நின்றார். டீ, பிஸ்கட். டிராயரைத் திறந்து என் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எஸ்தர், இந்தப் பையன் மாதிரி இன்னும் எத்தன பேர் இந்த ஊர்ல இருக்காங்க? நீ போயிட்டா யாரும்மா கண்டுபிடிப்பாங்க?"

"சார், சம்பளம்..."

"அத நான் மறப்பேனா? அடுத்த போர்டு மீட்டிங்ல முதல் விஷயமே உன்னோடதுதான். எடுத்துக்கோம்மா, இந்தக் கடிதத்த."

அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அது பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன். எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கும் அந்தப் பேச்சு இனித்தது. நான் இல்லாவிட்டால் இந்த ஊருக்கு ஆள் இல்லை என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது, அந்தச் சுகத்தில் கை நீண்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ரூத் ரயில் இறங்கி வந்தாள். கதவோரத்தில் உட்கார்ந்து காலில் கட்டியிருந்த துணியைப் பிரித்தாள். நான் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"அப்ப அடுத்த மாசமும் டிபன் கட்டணும்" என்றாள். அவ்வளவுதான்.

அந்தப் போர்டு மீட்டிங்கில் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். அடுத்த மீட்டிங்கில் நிதி நிலைமை சரியில்லை. அதற்கடுத்ததில் வளைவு கட்டும் வேலை. பிறகு ஒரு தடவை கொஞ்சம் ஏற்றினார்கள். ரூத்தின் ரயில் பாஸுக்கு ஆகும். ரூத் இன்னும் பதினோரு வருடம் அந்த வேலையில் நின்றாள். கம்பெனியே மூடியபோதுதான் வீட்டுக்கு வந்தாள். அந்தப் புண் இன்றும் மழைக்காலம் வந்தால் திறந்துகொள்கிறது. ஊரார் உடம்பையெல்லாம் உள்ளே வரைக்கும் பார்த்தவள் நான். என் வீட்டில் இருந்த காலைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். தினமும் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் வேலைக்குப் போனேன்.

சில வருடம் கழித்து முரளி தன் பெண் குழந்தையைக் கை முறிந்து தூக்கிக்கொண்டு வந்தான். கேன்டீனில் சூப்பர்வைசர் ஆகியிருந்தான். படம் எடுத்து முடித்ததும் பேச்சுவாக்கில் கேட்டான்: "சிஸ்டர், உங்களுக்கு இங்க இன்னா தராங்க?" சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சம்பளத்தை நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. போகும்போது குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு வணக்கம் சொல்ல வைத்தான்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இளைய பெண்களுக்குச் சேவை மனப்பான்மை குறைந்துவிட்டதா? இல்லை. அந்த லேப் பெண்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும், ரத்தம் எடுக்கும்போது குழந்தைக்கு வலிக்குமே என்று தன் உதட்டைக் கடித்துக்கொள்வாள். அவளுக்கு வேலை பிடிக்கும். அவள் போனது, அவளுக்காக இன்னொருத்தி ரயிலில் நிற்கக் கூடாது என்பதற்காக. நான் செய்யாததை அவள் செய்தாள். அவளைக் குறை சொல்லி எழுத என் கை வராது. அவள் வேண்டுமானால் சம்பளத்தைக் கொடுங்கள், திரும்பி வருவாள். பிஸ்கட் வேண்டாம்.

எஸ்தரின் முப்பத்தோரு வருடச் சேவை என்று எழுதப்போகிறீர்கள். இந்த ஊரில் ஒருவன் பெயரில் இன்னொருவன் நின்று படம் எடுத்துக்கொண்டதைச் சொன்னேன் அல்லவா, உங்கள் ரிஜிஸ்டரில் என் பெயரில் நின்றவள் ரூத். நான் வாங்காத சம்பளத்தை அவள் நின்று சம்பாதித்தாள். உங்கள் ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு வருடம் குறைந்த விலையில் எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தது ஒயிட்ஃபீல்டில் சட்டைக்குப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த அவள்தான். நீங்கள் அவளைப் பார்த்ததுகூட இல்லை.

அதனால் நேற்று அவளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல புடவை கட்ட மாட்டேன் என்றாள்.

"யக்கா, மலர்ல உன் போட்டோதான கேட்டாங்க? எனக்கு முன்பல்லே இல்ல, நான் எதுக்கு?"

"வாய மூடிக்கினு நில்லு, பல்லு தெரியாது" என்றேன்.

"நிக்கணுமா?" என்றாள்.

"வேணாம். உக்காரு."

உட்கார வைத்துத்தான் எடுத்தோம். அந்தப் போட்டோவை இதோடு இணைத்திருக்கிறேன். கீழே ரூத் என்று பெயர் போடுங்கள். கட்டுரைக்கும் படத்துக்கும் ஆள் மாறிவிட்டது என்று அச்சகத்தில் யாராவது கேட்டால், இந்தத் தடவைதான் மாறவில்லை என்று சொல்லுங்கள்.